அடுப்பில்லாமல் உருகும் அகார் அகார்

வீட்டில் அகார் அகார் செய்திருப்பீர்கள். சூட்டில் நீராக ஓடும், ஆறினால் கெட்டியாகும். மறுபடி உருக வேண்டுமானால் அடுப்பில் ஏற்றத்தான் வேண்டும். மாணவர்களே, உங்கள் வெள்ளை இரத்த அணுக்களுக்குள்ளும் கெட்டியான ஒன்று அடிக்கடி இளகுகிறது. ஆனால் அங்கே அடுப்பு இல்லை. அப்படியானால் எது இளக்குகிறது?

கிருமியைத் துரத்தும் வெள்ளணு ஊர்ந்து செல்லும். அதன் முன்பக்கத்தில் ஆக்டின் என்ற புரத மூலக்கூறுகள் மணிகள் கோத்ததுபோல் இழைகளாகின்றன. அந்த இழைகள் வலையாகப் பின்னி, அணுவின் சவ்வை முன்னே தள்ளுகின்றன. வலை கெட்டியாகவே இருந்துவிட்டால் அணு அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. பழைய இழைகளை வெட்டியாக வேண்டும்.

அப்படி வெட்டும் கத்தரிக்கோல்களுள் ஒன்றை 1979இல் ஹெலன் யின், தாமஸ் ஸ்டாசல் என்ற இரு ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதன் பெயர் ஜெல்சோலின். 'ஜெல்' என்பது கெட்டி நிலை, 'சோல்' என்பது ஓடும் நிலை. பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது.

ஜெல்சோலினில் ஆறு பகுதிகள் உண்டு. கால்சியம் குறைவாக இருக்கும்போது அவை சுருண்டு மூடிக் கிடக்கும். கால்சியம் வந்து ஒட்டியதும் விரிந்து, ஆக்டின் இழையைப் பற்றி வெட்டும். வெட்டிய பிறகும் விலகாது. ஒரு நுனியில் மூடிபோல் அமர்ந்து, அந்த நுனி வளராமல் தடுக்கும்.

இதை ஆராய ஜெல்சோலின் எங்கிருந்து கிடைக்கும்? இரத்தத்தின் பிளாஸ்மாவில் அது உண்டு. 1997இல் வெளியான அதன் முப்பரிமாண அமைப்பு, குதிரையின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த புரதத்தைக் கொண்டு கண்டறியப்பட்டது. இன்னொரு வழியும் இருக்கிறது. மனித ஜெல்சோலினுக்கான மரபுச் செய்தியைப் பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ.வில் இணைத்து, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்துவார்கள். பாக்டீரியா பெருகும்போது அந்தப் புரதத்தையும் சேர்த்துத் தயாரிக்கும். இதுதான் மறுசேர்க்கைப் புரதம்.

"டீச்சர், மனிதப் புரதம் பாக்டீரியாவுக்கு எதற்கு?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு ஒரு பயனும் இல்லை. மரபுக் குறியீடு நமக்கும் அதற்கும் பொதுவானது என்பதால், யாருடைய செய்தி என்று பாராமல் படித்துச் செய்துவிடுகிறது.

ஆனால் எல்லாப் புரதத்தையும் பாக்டீரியா சரியாகச் செய்துவிடாது. ஆக்டினையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சரியாக மடிவதற்கு உதவும் தனிப் புரத அமைப்பு நம் உயிரணுக்களில் உண்டு, பாக்டீரியாவில் இல்லை. அதனால்தான் பல ஆய்வகங்கள் ஆக்டினை முயல் தசையிலிருந்து பிரித்தெடுக்கின்றன. ஒரே சோதனைக் குழாயில் இழை முயலிடமிருந்தும் கத்தரிக்கோல் பாக்டீரியாவிடமிருந்தும் வந்து சேரலாம்!

மறுசேர்க்கை முறையின் பெரிய பலம், செய்தியில் ஓர் எழுத்தை மாற்றிப் பார்க்க முடிவது. பின்லாந்தில் சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் ஒரு நோய் உண்டு. கண்ணின் முன்புற ஒளிபுகும் படலம் மங்கும், முக நரம்புகள் செயலிழக்கும், தோல் தளரும். 1969இல் யோகோ மெரெடோயா என்ற கண் மருத்துவர் இதை விவரித்தார். காரணம், ஜெல்சோலின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது. மாறிய புரதத்தைப் பாக்டீரியாவில் செய்து ஆராய்ந்தபோது, அதன் இரண்டாம் பகுதி கால்சியத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்வதில்லை என்று தெரிந்தது. அதனால் அந்தப் பகுதி உறுதி இழக்கிறது. உடலில் அது தவறான இடத்தில் வெட்டுப்பட்டு, துண்டுகள் திசுக்களில் படிகின்றன. நோயாளியின் உடலில் செய்து பார்க்க முடியாத சோதனையைக் குழாயில் செய்ய முடிந்தது.

ஆய்வுக்காக விற்கப்படும் இத்தகைய புரதக் குப்பிகளில் 'மனிதப் பயன்பாட்டுக்கு அன்று' என்று எழுதியிருப்பார்கள். பாக்டீரியாவின் உறைப்பொருள் சிறிதளவு கலந்திருந்தாலும், அது உடலில் காய்ச்சலை உண்டாக்கக்கூடும். மருந்தாக வேண்டுமானால் இன்னும் கடுமையான சுத்திகரிப்பும் சோதனைகளும் தேவை.

இப்போது நீங்கள் யோசியுங்கள்: ஆக்டின் இழைகள் உள்ள குழாயில் ஜெல்சோலினைச் சேர்த்தீர்கள், கரைசல் இளகவே இல்லை. புரதம் கெட்டுப்போனது என்று முடிவு செய்யுமுன், வேறு எந்தப் பொருள் குழாயில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பீர்கள்?