விலைகூடிய ஆட்டக்காரரும் கடைசி இடமும்

மொனராகலையில் சோளம் வாங்கி விற்கும் நமக்கு ஹொக்கி எதற்கு என்று கேட்பீர்கள். மும்பை மெஜிசியன்ஸ் அணியின் கதை எனக்கு நமது கடைக் கணக்காகவே படுகிறது.

2013இல் தொடங்கிய ஹொக்கி இந்தியா லீக்கில் ஐந்து அணிகள். வீரர்களை வாங்க எல்லா அணிக்கும் ஒரே அளவு பணம்தான். பெனல்டி கோர்னர் அடிப்பதில் பெயர்பெற்ற சந்தீப் சிங்கை மும்பை 64,400 டொலருக்கு எடுத்தது. பயிற்சியாளர் அவுஸ்திரேலியாவின் ரிக் சார்ள்ஸ்வேர்த். சந்தீப் 11 கோல் அடித்து லீக்கிலேயே முன்னணியில் நின்றார். அணியோ கடைசி!

அந்தக் கொள்வனவு பிழை என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கிய சரக்கு நன்றாகவே ஓடியது. அடி விழுந்தது வேறு இடத்தில். மும்பை எடுத்த நான்கு பாகிஸ்தான் வீரர்களும், மற்ற அணிகளின் ஐவரோடு, எதிர்ப்புக் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் ஆட்டத்தில் குறையில்லை. ஆனால் பாகிஸ்தான் அணி வரக்கூடாதென்று 1991இலேயே வான்கடே ஆடுகளத்தைத் தோண்டிய நகரமல்லவா அது? பாலம் உடைந்த பாதையில் லொறி வருமென்று நம்பி முற்பணம் கொடுப்பாரா நம் முதலாளிமார்? இது நிர்வாகத்தின் பிழைதான்.

2014இலும் கடைசி இடம். உரிமையாளர் விலகினார். 2015இல் வந்த தபங் மும்பை, பெரிதாகப் பெயரெடுக்காத இளைஞர் ஹர்மன்பிரீத் சிங்கை 51,000 டொலருக்கு எடுத்தது. கிண்ணம் உடனே வரவில்லை. 2017இல் இறுதியாட்டம் வரை வந்து கலிங்கா லான்சர்ஸிடம் தோற்றது. அந்த ஹர்மன்பிரீத்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் தலைவர்.