நாடகத்துக்கு வெள்ளோட்டம்

புதிதாகத் தேர் ஒன்று செய்து முடித்தால் அதை நேரே திருவிழாவுக்கு இழுத்துவிடும் வழக்கம் நமது ஊர்களில் இல்லை. முதலில் வெள்ளோட்டம் விடுவார்கள். சுவாமியை எழுந்தருளப் பண்ணாமல் வெறுந்தேரை நான்கு வீதிகளிலும் இழுத்துப் பார்ப்பார்கள். எந்த மூலையில் சக்கரம் திரும்ப மறுக்கிறது, எந்த இடத்தில் தேர் சாய்கிறது என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும். வெள்ளோட்டத்தன்று தேர் நின்றுபோனால் அபசகுனம் என்று யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை. தச்சரைக் கூப்பிட்டுக் காண்பிப்பார்கள். அவரும் உளியை எடுத்துக்கொண்டு வருவார்.

நாடகத்துக்கும் இப்படி ஒரு வெள்ளோட்டம் உண்டு. நியூயார்க் நகரத்து நாடகக் கொட்டகைகளில், விமர்சகர்களை அழைத்து முறைப்படி ஆரம்ப விழா நடத்துவதற்கு முன்னால், புது நாடகத்தைச் சில வாரங்கள் ஜனங்களுக்கு நடித்துக் காட்டுகிறார்கள். முற்காலத்தில் இதற்காகவே வேறு ஊர்களுக்கு நாடகத்தைக் கொண்டுபோய் ஆடிப் பார்த்துவிட்டுத் நியூயார்க்குக்குத் திரும்புவார்களாம். நாடகாசிரியர் அந்நாட்களில் மேடையைப் பார்ப்பதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, சபையோரின் முதுகுகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சோக நாடகம் எழுதியவருக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. சபை நிசப்தமாயிருந்தால் எல்லாரும் மனமுருகி உட்கார்ந்திருப்பதாக அவர் நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருக்கக் கூடும். காதலும் ஹாஸ்யமும் கலந்த நாடகம் எழுதியவருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அங்கே நிசப்தம் என்றால் நிசப்தந்தான். வேறு அர்த்தம் பண்ணிக்கொள்ள முடியாது.

இந்த வெள்ளோட்ட விஷயத்தை நாம் புஸ்தகங்களிலே படித்திருந்தோம். ஆனால் அதன் தத்துவம் முழுவதும் விளங்கியது செஞ்சிச் சீமையிலே, தொண்டூருக்கு அருகில் ஒரு சிறு கிராமத்திலேதான்.

தொண்டூர் சாமானியமான ஊர் அல்ல. சமண முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகளும், தமிழ் எழுத்தின் மிகப் பழைய வடிவத்தில் வெட்டிய கல்வெட்டும் அங்கே இருக்கின்றன. செஞ்சிக் கோட்டையைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதில்களால் கோத்துக் கட்டிய அந்தக் கோட்டை, 2025-ஆம் ஆண்டில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் சிலவற்றுடன் சேர்ந்து உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. ஆனால் இந்தச் சீமைக்குப் பெருமை கருங்கல்லினால் மட்டும் வந்ததன்று. பழைய செஞ்சியாகிய மேலச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் வழிபாடு வேரூன்றியிருக்கிறது. திருவிழாக் காலத்தில் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் அதையே தெருக்கூத்தாக ஆடுவார்கள். கடைசியில் தீமிதி நடக்கும்.

நாம் போயிருந்த இரவில் 'சுபத்திரை கல்யாணம்' நடந்தது. பாரதக் கூத்துக்களில் போரும் சபதமும் கண்ணீரும் மிகுதி. அவற்றின் நடுவே, கல்யாண வீட்டில் பானகம் கொடுத்தாற்போல், இந்த ஒரு காதல் ஹாஸ்யக் கதை வருகிறது. தீர்த்த யாத்திரை கிளம்பிய அர்ச்சுனன், சுபத்திரையை மணக்கும் ஆசையினால் சந்நியாசி வேஷம் போட்டுக்கொண்டு துவாரகைக்கு வருகிறான். கண்ணனுக்கு இரகசியம் தெரியும். தங்கையைத் துரியோதனனுக்குக் கொடுக்க நினைத்திருக்கும் பலராமருக்கோ ஒன்றும் தெரியாது. அவர் அந்தப் போலிச் சாமியார் காலில் பக்தியுடன் விழுந்து, அவருக்குப் பணிவிடை செய்யும்படி தங்கையையே அமர்த்துகிறார்!

இந்தக் கதையை அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் எத்தனை தடவை பார்த்திருப்பார்களோ தெரியாது. ஆயினும் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னாலிருந்து காவித்துணி தெரிந்ததுதான் தாமதம்; பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிற்று. நடிகர் இன்னும் வாயே திறக்கவில்லை. "உன் இரகசியம் எங்களுக்குத் தெரியும்" என்று சபை அர்ச்சுனனுக்குச் சொன்ன சிரிப்பு அது.

கட்டியக்காரன் அன்று புதிதாக ஒரு வேடிக்கை செய்து பார்த்தான். சாமியாரைப் பார்த்து, "சாமி! உங்களுக்கு ரேஷன் எந்தக் கடையிலே?" என்று கேட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சாவகாசமாக வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள். நகரத்து நடிகராயிருந்தால் அந்த இடத்தில் வியர்த்துப் போயிருப்பார். கட்டியக்காரனோ சபையின் பக்கம் திரும்பி, "ஏன்யா, இந்த ஊரிலே சிரிக்கிறதுக்கும் கார்டு காட்டணுமா?" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாட்டியும் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அடுத்த ஊரில் முதல் வேடிக்கையை அவன் விட்டிருப்பான். இரண்டாவதை வைத்துக்கொண்டிருப்பான் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

வெள்ளோட்டம் என்பது இதுதான். பழைய கதையென்றாலும் கூத்து மேடையில் ஒவ்வோர் இரவும் வெள்ளோட்டமே. கட்டியக்காரன் பாதி மேடையைச் சேர்ந்தவன். பாதி சபையைச் சேர்ந்தவன். ராஜாவுக்குக் கட்டியம் கூறுகிறான். அதே மூச்சில் சபையின் மனத்தில் உள்ளதை ராஜாவிடம் சொல்லியும் விடுகிறான்.

மாறுவேஷம் போட்ட காதலன் உலகம் முழுவதற்கும் பொதுச் சொத்து. வள்ளியைத் தேடி முருகன் வேடனாக வருகிறான். வேங்கை மரமாக நிற்கிறான். தள்ளாத கிழவனாகத் தடியூன்றி வருகிறான். ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றில் ரோஸலிண்டு என்ற பெண் ஆண் வேஷத்தில் வனத்தில் திரிந்து, தன் காதலனுக்கே காதல் பாடம் நடத்துகிறாள். பம்மல் சம்பந்த முதலியார் அந்நாடகத்தை 'விரும்பியவிதமே' என்று தமிழாக்கினார். இவை யாவற்றிலும் வேடிக்கை எங்கே இருக்கிறது? மேடையில் ஒருவருக்குத் தெரியாதது சபைக்குத் தெரிந்திருப்பதில் இருக்கிறது. ஆகவே, சபையோரும் அந்தச் சூழ்ச்சிக்கு உடந்தை. அவர்கள் வந்து உட்காருகிற வரையில் நாடகத்தில் ஒரு பாத்திரம் குறைகிறது. அந்தப் பாத்திரம் என்ன பேசும் என்பதை எவ்வளவு கெட்டிக்கார ஆசிரியரும் வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட முடியாது.

இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர் ரிச்சர்டு ஷெரிடன் என்னும் இளைஞர். அவர் எழுதிய 'தி ரைவல்ஸ்' என்ற நாடகம் 1775-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி லண்டனில் கோவெண்டு கார்டன் கொட்டகையில் அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 23. அதிலும் மாறுவேஷக் காதலன்தான்! நாவல்களைப் படித்துப் படித்து, ஏழைக் காதலனுடன் ஓடிப்போவதே உத்தமம் என்று நினைக்கும் ஒரு பெண்ணுக்காக, பணக்காரப் பிள்ளை ஒருவன் ஏழையாக வேஷம் போடுகிறான். கதை நல்ல கதைதான். ஆனால் முதல் நாள் நாடகம் அளவுக்கு மீறி நீண்டுவிட்டது. சில பேச்சுக்கள் சபைக்கு விரசமாகப் பட்டன. ஐரிஷ்காரர் வேஷம் போட்டவர் அந்தப் பாத்திரத்தைக் கெடுத்தார். சபையிலிருந்து ஓர் ஆப்பிள் பறந்து வந்து அவர்மீது விழுந்தது. அது தமக்கா, நாடகத்துக்கா என்று அவர் சபையைப் பார்த்துக் கேட்டாராம்!

வேறொருவராயிருந்தால் "ரசிக்கத் தெரியாத ஜனங்கள்" என்று வைதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஷெரிடன் நாடகத்தை நிறுத்தினார், வெட்டினார், திருத்தினார், அந்த நடிகரை மாற்றினார். 11 நாள் கழித்து, ஜனவரி 28-ஆம் தேதி மறுபடியும் மேடையேற்றினார். அன்று கிடைத்த வெற்றி இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் மங்கவில்லை. நாடகம் அச்சானபோது முகவுரையில் தமது பிழைகளை ஒப்புக்கொள்ளவும் அவர் வெட்கப்படவில்லை. சினிமா யுகத்திலும் இப்படி நடந்ததுண்டு. 1935-இல் வெளியான 'எ நைட் அட் தி ஆபரா' என்ற படத்தைப் பிடிப்பதற்கு முன்னால், மார்க்ஸ் சகோதரர்கள் அதன் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் நடித்து, எந்தப் பேச்சுக்குச் சிரிப்பு வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டார்கள்.

நமது தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னையில் 1891-ஆம் ஆண்டு சுகுண விலாச சபை தோன்றியபோது, படித்தவர்கள் மேடையேறுவதா என்று மூக்கின்மேல் விரலை வைத்தவர்கள் அநேகர். வக்கீலாயிருந்து பின்னர் நீதிபதியுமான சம்பந்த முதலியார் அந்தச் சபையின் உயிர்நாடி. அவர் கதாநாயகராகவும், ரங்கவடிவேலு என்பவர் கதாநாயகியாகவும் நடித்த காதல் காட்சிகளைக் காண ஜனங்கள் திரண்டு வந்தார்கள். கதாநாயகி ஓர் ஆண்பிள்ளை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மணி அடித்துத் திரை தூக்கியதும் அது மறந்துபோகும். சபையின் உடந்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? முதலியார் எழுதிய 'சபாபதி' என்னும் ஹாஸ்ய நாடகத்தில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர்; மூளையின் அளவிலும் அதிக வித்தியாசமில்லை. அந்தச் சபாபதியை வைத்து மேலும் சில நாடகங்களை அவர் எழுதினார். 1941-இல் ஏ.வி. மெய்யப்பன் அதைப் படமாக்கினார். டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் சேர்ந்து செய்த கூத்து இன்றைக்கும் வீடுகளில் சிரிப்பை மூட்டுகிறது.

சபை சிரிப்பை மட்டுந்தான் நாடகத்தில் எழுதுகிறது என்று எண்ண வேண்டாம். சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வந்த 'வள்ளி திருமணம்' காதலும் வேடிக்கையும் நிறைந்த நாடகம். அதில் முருகனாக வந்த விசுவநாததாஸ், தினைப்புனத்துக் காதலுக்கு நடுவே தேசியப் பாட்டுக்களைப் பாடினார். ஜனங்கள் அவற்றை வேண்டி விரும்பிக் கேட்டார்கள். சர்க்கார் அவரைப் பலமுறை சிறைக்கு அனுப்பிற்று. வெளியே வந்ததும் மறுபடியும் பாடினார். 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, சென்னையில் அதே நாடகத்தில், மயில்மேல் அமர்ந்த முருகனாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய உயிர் பிரிந்தது. ஒரு காதல் நாடகத்தைச் சுதந்திரப் போரின் மேடையாக ஆக்கியதில் அவருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு கேட்ட ஜனங்களுக்கும் உண்டு.

பிற்காலத்தில் இந்தச் சிரிப்புப் பயிரைச் சபாக்களில் வளர்த்தவர் கிரேசி மோகன். அவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தைக் கே. பாலசந்தர் 1983-இல் 'பொய்க்கால் குதிரை' என்ற படமாக எடுத்தார். ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததைப் போட்டுவிடுவது மோகன் பாணி. எந்த இடத்தில் நடிகர் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் ஓட வேண்டும் என்பதைச் சபைக்கு முன்னால் நின்றுதான் கற்றுக்கொள்ள முடியும். 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் காலமானபோது, சபா ரசிகர்கள் தங்கள் வீட்டு மனுஷர் ஒருவரை இழந்ததுபோல் வருந்தினார்கள்.

இப்போது நாம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறோம். புது நாடகம் எழுதுகிற இளைஞர்களுக்கு இன்று வெள்ளோட்டம் பார்க்க நல்ல சபை கிடைக்கிறதா? முதல் நாள் வருகிறவர்களில் பெரும்பாலோர் நடிகர்களின் மாமன்மாரும் மைத்துனன்மாருமாக இருக்கிறார்கள். மாப்பிள்ளை வாய் திறந்தாலே அவர்கள் கைதட்டுகிறார்கள். மற்றவர்களோ மரியாதைக்குப் புன்னகை செய்கிறார்கள், வாசலில் ஆசிரியரைப் பார்த்து "பிரமாதம்!" என்கிறார்கள், வீட்டுக்குப் போய், "இரண்டாவது அங்கம் தாங்க முடியவில்லை" என்கிறார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவரிடம் சொல்லியிருந்தால் இரண்டாவது அங்கம் பிழைத்திருக்கும்! மரியாதையினாலேயே செத்துப்போன நாடகங்கள் எத்தனையோ.

ஆப்பிள் எறியுங்கள் என்று நேயர்களுக்கு நாம் யோசனை சொல்லவில்லை. அது விற்கிற விலையில் யாரும் எறியவும் மாட்டார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போங்கள். சிரிப்பு வந்தால் அடக்காமல் சிரியுங்கள். வராவிட்டால் தாட்சண்யத்துக்காகச் சிரிக்காதீர்கள். முடிந்ததும் ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று உண்மையாகச் சொல்லுங்கள். நாடகாசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: சபை சிரிக்காத இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் சிரித்த இடங்களையெல்லாம் நம்பிவிடாதீர்கள். கட்டியக்காரன் விரசமாக ஒன்று சொன்னாலும் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பில் பாட்டி சேருகிறாளா என்று பாருங்கள்.

அன்று விடியும் நேரத்தில் சுபத்திரைக்குக் கல்யாணம் ஆயிற்று. கிழக்கு வெளுத்துவிட்டது. முன்னிரவில் நிறைந்திருந்த கூட்டத்தில் பாதிக்குமேல் கலைந்திருந்தது. இளைஞர் சிலர் மூலையில் கைப்பேசியின் வெளிச்சத்தில் குனிந்திருந்தார்கள். பாட்டி மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. வேஷத்தைக் கலைக்கப் போன கட்டியக்காரன் அவள் எதிரில் நின்று, "எப்படி ஆயா?" என்றான். "சாமியார் நல்லாத்தான் இருந்தாரு. நீதான் நடுவுலே கொஞ்சம் இழுத்துட்டே" என்றாள் அவள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

கோட்டையைக் காப்பாற்ற உலகமே முன்வந்திருக்கிறது, நல்லது. அந்தப் பாட்டியின் இடத்தில் நாளைக்கு உட்காரப் போகிறவர் யார்? தமிழ் நாடகத்தின் வெள்ளோட்டம் அவரைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.