வெள்ளி டாலரும் விளக்கொளியும்



என் மேசைமீது ஒரு பழைய வெள்ளி நாணயம் இருக்கிறது. அமெரிக்க நாட்டு டாலர். 1884ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அச்சிடப்பெற்றது. கப்பலில் பணியாற்றிய என் சிற்றப்பா 1963ஆம் ஆண்டில் அதனை எனக்குப் பரிசாகக் கொண்டுவந்தார். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. நாணயம் சற்றே மங்கி, விளிம்போரம் பொன்னிறம் படர்ந்திருந்தது. அதனை அழுக்கென்று நான் கருதினேன். புளியிட்டுக் கழுவி, திருநீறு தொட்டுத் துணியால் ஒரு பிற்பகல் முழுவதும் தேய்த்தேன். புதுக்குத்துவிளக்கைப் போல அது பளபளத்தது. என் பெருமைக்கு அளவில்லை!

பல ஆண்டுகள் கழித்து, நாணயங்களை ஆராயும் பெரியவர் ஒருவரிடம் அதனைக் காட்டினேன். அவர் அதனை விளக்கின் கீழ் ஒருமுறை சாய்த்துப் பார்த்தார், மேசைமேல் வைத்தார். “துலக்கிவிட்டீர்களே, தம்பி!” என்றார். அவ்வளவு குறுகிய நேரத்தில் அவர் கண்டது யாது? அதனை விளக்குவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

முதலில் நாணயத்தை அறிந்துகொள்வோம். இவ்வகை டாலரை வடிவமைத்தவர் இங்கிலாந்தில் பிறந்த ஜார்ஜ் மார்கன் என்னும் கலைஞர். ஆகவே இதனை மார்கன் டாலர் என்பர். 1878 முதல் 1904 வரையும், பின்னர் 1921இலும் இது புழக்கத்திற்காக அச்சிடப்பெற்றது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, பத்துப் பங்கு செம்பு, எடை 26.73 கிராம், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர். தலைப்பக்கத்தில் சுதந்திரத் தேவியின் முகம் இடப்புறம் நோக்கியிருக்கும். அவள் கூந்தலில் கோதுமைக் கதிரும் பருத்திக் காயும் சூடியிருப்பாள். மறுபக்கத்தில் சிறகு விரித்த கழுகும், அதனைச் சூழ்ந்து இலைவளையமும் உள்ளன. வளையத்தின் அடியில் ‘ஓ’ என்னும் சிற்றெழுத்து இருந்தால் நியூ ஆர்லியன்ஸ். ‘எஸ்’ என்றால் சான் பிரான்சிஸ்கோ. ‘சிசி’ என்றால் கார்சன் நகரம்.

இனித் தரத்திற்கு வருவோம். 1949ஆம் ஆண்டில் வில்லியம் ஷெல்டன் என்னும் அறிஞர் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்கென 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். கடைநிலைக் காசின் விலையைப்போல் எழுபது மடங்கு பெறுவது தலைசிறந்த காசு என்பது அவர் கணக்கு. விலைகள் அக்கணக்கிற்குக் கட்டுப்படவில்லை. ஆயினும் எண்கள் நிலைத்தன. பின்னர் எல்லா நாணயங்களுக்கும் அவை வழங்கலாயின.

டாலரை அளவிடுவோர் மேடான இடங்களையே முதலில் நோக்குவர். கையும் பையும் முதலில் தேய்ப்பவை அவைதாமே? தேவியின் செவிக்கு மேலுள்ள கூந்தல், கழுகின் மார்பு, சிறகுகளின் நுனி, இலைவளையத்தின் இலைகள் ஆகியவற்றை நினைவில் வையுங்கள். உருவம் வெறும் கோட்டளவாகத் தோன்றி, கூந்தல் பெரும்பாலும் வழவழப்பாகிவிட்டால் அந்நாணயம் 4 என்னும் தரத்தின் அருகில் நிற்கும். கூந்தலின் இழைகள் ஓரளவு தெரிந்தால் 12. பெரும்பாலும் தெரிந்தால் 20. இழைகள் யாவும் திருத்தமாக நின்று, உச்சிகளில் மட்டும் சிறு தேய்வு இருந்தால் 40. தேய்வின் சாயல் மாத்திரமே படிந்தது 50 முதல் 58 வரை. தேய்வே இல்லாதது 60 முதல் 70 வரை.

தேய்வே இல்லாதவற்றுள்ளும் ஏன் இத்தனை படிகள் என நீங்கள் கேட்கலாம். அச்சிட்ட டாலர்களை ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டி அறைகளில் அடுக்கினர். பையைத் தூக்கும்போதெல்லாம் நாணயங்கள் ஒன்றோடொன்று மோதிக் கீறிக்கொண்டன. தேவியின் கன்னம் அகன்ற வெற்றிடமாதலின் அங்குள்ள வடுக்கள் கண்ணை உறுத்தும். வடுக்கள் மிகுந்தால் 60, அருகினால் 65, பெருக்கிக் காட்டினும் குறை காணாததே 70.

மற்றொன்று ஒளி. அச்சு ஓங்கி அடிக்கும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்கிறது. அவ்வோட்டம் கண்ணுக்குப் புலப்படாத நுண்கோடுகளை விட்டுச்செல்கிறது. நாணயத்தை ஒரே விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், அக்கோடுகளில் பட்ட ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலச் சுழலும். தேய்வு இவ்வொளியை அழித்துவிடும். துலக்குதலும் அழித்துவிடும், அதன்மேல் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்களையும் விட்டுச்செல்லும். என் நாணயத்தில் பெரியவர் கண்டது அக்கீறல்களைத்தான்.

ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. என் டாலரில் செவிக்கு மேலுள்ள கூந்தல் தட்டையாக இருந்தது. “முன்பே தேய்ந்த காசுதானே?” என்று நான் ஆறுதல் தேடினேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். “கூந்தல் தேய்ந்திருந்தால் சிறகு நுனியும் இலைகளும் தேய்ந்திருக்கவேண்டும். அவை கூர்மையாக நிற்கின்றன, பாருங்கள். எழுத்துகளின் இடுக்குகளில் பழைய ஒளி இன்னும் சுழல்கிறது. நியூ ஆர்லியன்ஸ் டாலர்கள் பலவற்றில் அச்சு அழுந்த விழுந்ததில்லை. இது தேய்வன்று, பிறவியிலேயே அமைந்த மெலிவு” என்றார்.

என் நாணயம் புழங்காத நாணயம்! 1962 முதல் 1964 வரை அமெரிக்கக் கருவூலம் பழைய பைகளை வெளியிட்டது. ஒரு டாலர் நோட்டுக்கு ஒரு வெள்ளி டாலர் கிடைத்தது. சிற்றப்பா ஏதோ ஒரு துறைமுகத்தில் அவ்வாறு மாற்றியிருக்கவேண்டும். எண்பதாண்டுக்காலம் இருளில் பழுதுறாது கிடந்ததை நான் ஒரு பிற்பகலில் கெடுத்தேன். இத்தகைய காசுக்கு இன்று தரம் கணிப்போர் எண் வழங்குவதில்லை; ‘துலக்கப்பட்டது’ என்றே குறிப்பர். இவ்வாண்டு டாலர் அரியதன்று. 97 லட்சத்துக்கு மேல் அச்சிடப்பெற்றது. ஆதலின் பணவிழப்புப் பெரிதன்று. சிற்றப்பா தந்ததை அவர் தந்தபடியே வைத்திருக்க இயலாமற் போயிற்றே என்பதுதான் என் வருத்தம்.

நம் நாட்டுக்கும் இவ்வெள்ளிக்கும் ஒரு தொடர்பு உண்டு. முதல் உலகப்போரின்போது இந்திய மக்கள் காகிதப் பணத்தைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டனர். அரசின் கையிருப்புக் குறைந்தது. 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்னும் சட்டத்தை இயற்றி, 27 கோடிக்கும் மேற்பட்ட டாலர்களை உருக்கியது. அவ்வெள்ளியின் பெரும்பகுதி இந்திய ரூபாய்களுக்காக விற்கப்பட்டது. நம் பாட்டிமார் பெட்டியில் வைத்திருந்த அக்கால ரூபாய்களிலும் அவ்வெள்ளி கலந்திருக்கக்கூடும். எந்த ஆண்டு டாலர்கள் எத்தனை உருகின என்று கணக்கெழுதி வைக்கவில்லை. ஆகவே அச்சிட்ட தொகையை மட்டும் கொண்டு ஒரு நாணயத்தின் அருமையை அளத்தல் இயலாது.

உங்கள் இல்லத்திலும் ஒரு பழங்காசு இருக்கலாம். அதனை விளிம்பால் பிடியுங்கள், ஒரே விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பாருங்கள், எடை போடுங்கள். மங்கல் நிறம் வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு கூடியதால் வந்த இயல்பான போர்வை. அதனை நீக்க முனையாதீர்கள். உங்கள் காசுக்கு நீங்களே தரம் கூறும்போது ஆசை ஒரு படி ஏற்றிச் சொல்லத் தூண்டும். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே பெயர்தான்: நாணயம். அதனை மறவாமல் மதிப்பிடுங்கள்.

என் டாலரை நான் விற்கவில்லை. விளிம்போரத்தில் இப்போது பொன்னிறம் மீண்டும் மெல்லப் படர்ந்து வருகிறது. நான் அதனைத் தொடுவதில்லை.