காலி இடத்துக்கு எத்தனை கிலோ?

உள்ளே ஒன்றுமே இல்லாமல், வெளியே மட்டும் பளபளவென்று காட்டி, நம்மிடம் காசு வாங்கிக்கொண்டு போகிற சமாசாரங்கள் நாட்டில் நிறைய. அடடா, நீங்கள் நினைக்கிற ஆசாமியை நான் சொல்லவில்லை. இரும்புக் குழாயைச் சொல்கிறேன்!

சுற்றிப் பாருங்கள். மாடிப்படிக் கைப்பிடி, கேட், தண்ணீர் டாங்க் ஸ்டாண்டு, மொட்டை மாடி ஷெட், ஏன், ஆபீஸில் நீங்கள் உட்கார்ந்து தூங்குகிற (மன்னிக்கவும், வேலை பார்க்கிற) நாற்காலியின் கால்... எல்லாம் வட்டமாகவோ சதுரமாகவோ உள்ளே காலியான இரும்பு. கல்யாணம் ஆகி, லோன் போட்டு வீடு வாங்கி, அந்த வீட்டுக்கு மேலே ஒரு ஷெட் போடுகிற நாள் எல்லா ஆண்பிள்ளைக்கும் வந்தே தீரும். அன்றைக்கு உதவும், இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சந்தேகம். வலுவாக இருக்க வேண்டும் என்றால் கெட்டியான கம்பியே போடலாமே, குழாய் எதற்கு?

இந்த விஷயத்தைப் பற்றி 1638-லேயே கலிலியோ எழுதிவிட்டார். பறவையின் எலும்பும் நாணல் தண்டும் உள்ளே காலியாக இருந்துகொண்டே எப்படி இத்தனை உறுதியாக இருக்கின்றன என்று யோசித்த மனுஷர். (மூங்கிலில் சாரம் கட்டுகிற நம்மூர் ஆட்கள் யோசிக்காமலே செய்துகொண்டிருந்தார்கள்.) ஒரு கம்பியை வளைக்கும்போது அதன் நடுப்பகுதி சும்மா வேடிக்கை பார்க்கும். பாடுபடுவதெல்லாம் வெளி ஓரம்தான். எனவே வேடிக்கை பார்க்கிற இரும்பை எடுத்து, பாடுபடுகிற இடத்தில் வைத்தால் லாபம்.

எவ்வளவு லாபம்? ஒன்றரை இஞ்ச் 'மீடியம்' குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி விட்டம் 48.3 மி.மீ., சுவர் கனம் 3.2 மி.மீ., மீட்டருக்கு 3.56 கிலோ. அதே எடைக்குக் கெட்டிக் கம்பி வாங்கினால் 24 மி.மீ. தடிமன்தான் கிடைக்கும். வளைந்து கொடுக்காமல் நிற்பதில் குழாய், கம்பியைப் போல ஏழு மடங்கு! அதே இரும்பு, அதே எடை.

ஆக, காலி இடத்தின்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. வில்லங்கமெல்லாம் சுவரில்தான்.

என் மச்சான் (மனைவியின் அண்ணன், அதாவது நான் எதிர்த்துப் பேச முடியாத நபர்) திருவான்மியூரில் மொட்டை மாடிக்கு ஷெட் போடுவதென்று முடிவு செய்தார். 50-க்கு 50 சதுரக் குழாய், 2 எம்.எம். கனம், ஆறு மீட்டர் நீளத்தில் இருபது 'லென்த்' வேண்டும் என்று வெல்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மச்சான் இரண்டு கடைகளில் விலை கேட்டார். முதல் கடையில் லென்த் 1,150 ரூபாய். இரண்டாவது கடையில் கிலோ 70 ரூபாய், எடை போட்டுத்தான் தருவார்கள், லென்த்துக்குச் சுமார் 1,230 ஆகும் என்றார்கள்.

"மாப்பிள்ளை, நீங்க பி.காம். ஆச்சே... சொல்லுங்க, எது சீப்பு?" என்றார். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி! இருபது லென்த்தில் 1,600 ரூபாய் மிச்சம் என்று அவர் ஏற்கெனவே மனக்கணக்குப் போட்டாயிற்று.

"இருங்க மச்சான். ஒண்ணு லென்த் விலை, ஒண்ணு கிலோ விலை. ரெண்டையும் ஒரே யூனிட்டுக்குக் கொண்டு வராம எப்படி கம்பேர் பண்றது?" என்றேன். காஸ்ட் அக்கவுண்டன்சி படித்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு பிரயோஜனம் வந்தது.

கூட வந்த வெல்டர் சிரித்தார். "மொதக் கடையில ஒரே ஒரு லென்த்த எடை போடச் சொல்லுங்க சார். மத்ததை நான் சொல்றேன்."

கடைக்காரர் லேசில் மசியவில்லை. "நாங்க லென்த் கணக்குல விக்கிறவங்க சார், தராசே வெச்சுக்கறதில்ல" என்றார். நல்லவேளை, எதிரே ஒரு வெங்காய மண்டி. மூட்டை போடுகிற தராசில் குழாயைக் குறுக்கே கிடத்தினோம். 14 கிலோ 300 கிராம்.

வெல்டர் பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்துத் தரையில் உட்கார்ந்தார். "ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தகடு, ஒரு எம்.எம். கனம். எடை 7.85 கிலோ. இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்குங்க சார். மீதியெல்லாம் தானா வரும்."

வந்தது. குழாய் என்பது சுருட்டிய தகடு, அவ்வளவுதான். ஃபாக்டரியிலேயே அப்படித்தான் செய்கிறார்கள். நீளமான பட்டையை உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுருட்டி, இரண்டு ஓரத்தையும் மின்சாரத்தால் சூடேற்றி ஒட்டிவிடுகிறார்கள். குழாயின் வாய்க்குள் விரலை விட்டால் பல சமயம் அந்த ஒட்டு வரி தட்டுப்படும். (பிசிறு கிழிக்கும், ஜாக்கிரதை!) இதைத் திரும்ப விரித்தால் பட்டையின் அகலம் எவ்வளவு? வெளிச் சுற்றளவை எடுத்தால் கூடப்போகும். உள் சுற்றளவை எடுத்தால் குறைந்துபோகும். இரண்டுக்கும் நடுவாந்திரம்தான் சரி. அதனால்தான் வெளி அளவிலிருந்து சுவர் கனத்தை ஒரு தடவை கழிக்கிறார்கள்.

மீதியை ஆபீஸ் கால்குலேட்டருக்குத் தக்கபடி சுருக்கிக்கொள்ளலாம். எல்லா அளவும் மி.மீட்டரில். வட்டக் குழாய் என்றால் வெளி விட்டத்தில் கனத்தைக் கழித்து, கனத்தால் பெருக்கி, 40.5-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். சதுரத்துக்கும் அதே கதைதான், விட்டத்துக்குப் பதில் பக்கம், வகுப்பது மட்டும் 32-ஆல். செவ்வகத்துக்கு இரண்டு பக்கத்தையும் கூட்டி, கனத்தை இரண்டு தடவை கழித்து, கனத்தால் பெருக்கி, 64-ஆல் வகுக்கவேண்டும். கெட்டிக் கம்பிக்கு விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் போதும். இந்தக் கடைசிக் கணக்கை சைட் மேஸ்திரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

மச்சானின் குழாய்க்கு வருவோம். 50-ல் 2 போனால் 48. இரண்டால் பெருக்கினால் 96. 32-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 3 கிலோ, ஆறு மீட்டருக்கு 18. சதுரக் குழாயின் நாலு மூலையும் கூர்மையாக இல்லாமல் உருண்டிருப்பதால் இதில் மூன்று, நான்கு சதவீதம் குறையும். பதினேழரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசு காட்டியதோ 14.3!

கணக்கைப் பின்பக்கமாகப் போட்டால் கனம் 1.6 மி.மீ. என்று வருகிறது. வெளியே அதே ஐம்பது, அதே கறுப்பு வார்னிஷ். பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. 1,150-ஐ 14.3-ஆல் வகுத்தேன்.

"மச்சான், உங்க சீப்பு கடையில கிலோ 80 ரூபா."

மச்சான் பேசவில்லை. எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடத்தில் அது முதல் தடவை. இருபது லென்த்தில் 1,600 ரூபாய் மிச்சம் என்பது வாஸ்தவம். அதற்குப் பதில் 64 கிலோ இரும்பு வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்காது. கிலோ 70 என்றால் 4,480 ரூபாய். பேலன்ஸ் ஷீட்டில் எங்கே வைத்தாலும் அது நஷ்டம்தான்.

பணத்தை விடுங்கள். 2-க்குப் பதில் 1.6 என்றால் வளையாமல் தாங்குகிற விறைப்பிலும் சுமார் 18 சதவீதம் போச்சு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை ஒரு கை பார்த்ததே, அந்த மாதிரிக் காற்றில்தான் ஷெட்டுக்குப் பரீட்சை. ஷெட் பறந்தால் பழி முழுவதையும் குழாய்மேல் போடுவது நியாயமில்லை. போல்ட், ஸ்க்ரூ, அடித்தகடு இவையும் விட்டுக்கொடுக்கும். ஆனால் மெல்லிய சுவரில் ஸ்க்ரூவுக்குப் பிடிமானமும் குறைவு. வெல்டர் தன் கவலையைச் சொன்னார்: "இவ்வளவு மெல்லிசா இருந்தா ராடை வெச்சதும் ஓட்டை விழுது சார். அப்புறம் என்னைத்தான் திட்டுவாங்க." இது போதாதென்று திருவான்மியூர்க் கடல் காற்று. துரு அரை மில்லிமீட்டரைத் தின்றுவிட்டால் 1.6-ல் மிஞ்சுவது 1.1. மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் குழாயின் வாயை அடைக்கச் சொல்லுங்கள், உள்பக்கம் துருப்பிடிப்பது யாருக்கும் தெரியாது.

கடைகளில் 'கேஜ்' என்று ஒரு பாஷை பேசுவார்கள். இது பரீட்சை ரேங்க் மாதிரி. நம்பர் கூடக்கூடச் சரக்கு குறைவு. 14 கேஜ் என்றால் 2.03 மி.மீ., 16 கேஜ் 1.63, 18 கேஜ் 1.22. "பதினாறு போட்டுக்கங்க சார், பதினாலை விட ரெண்டு ஜாஸ்தி" என்று யாராவது சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.

தண்ணீர்க் குழாயில் வேறொரு தமாஷ். ஒரு இஞ்ச் குழாயில் எந்த இடத்தை அளந்தாலும் ஒரு இஞ்ச், அதாவது 25.4 மி.மீ. வராது! வெளி விட்டம் 33.7. 'மீடியம்' குழாயின் உள் விட்டம் 27.3. ஒரு இஞ்ச் என்பது வெறும் பெயர், குண்டாக இருப்பவருக்கு 'ஒல்லி' என்று பட்டப்பெயர் வைத்தது போல. வெளி விட்டம் மட்டும் மாறாது, மாறினால் மரை பொருந்தாதே. கனம் கூடினால் சுவர் உள்பக்கமாகத்தான் வளரும். லைட்டுக்கு மஞ்சள், மீடியத்துக்கு நீலம், ஹெவிக்குச் சிவப்பு என்று வண்ணப் பட்டை போடுவது வழக்கம். பெயின்ட் டப்பா யார் கையிலும் இருக்கலாம் என்பதால் நான் தராசைத்தான் நம்புவேன்.

கடைக்காரர்களுக்காகவும் ஒரு வார்த்தை. கொஞ்சம் குறைந்தாலே 'திருட்டு' என்று கத்தக்கூடாது. சுவர் கனம் பத்து சதவீதம் வரை முன்பின் இருப்பதைத் தரநிலையே பொறுத்துக்கொள்கிறது. 2 மி.மீ. என்று சொல்லி 1.8 வந்தால் சண்டை போட வழியில்லை, 1.6-க்குப் போடலாம். ஜி.ஐ. குழாய் என்றால் மேலே ஏறிய துத்தநாகம் மூன்று, நான்கு சதவீதம் எடையைக் கூட்டும், அதையும் கழித்துத்தான் பார்க்கவேண்டும். பில்லில் எழுதியிருக்கிற எடை தராசில் போட்டதா, அட்டவணையைப் பார்த்து எழுதியதா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால், அட்டவணைக் குழாய்க்குப் பணம் கொடுத்து வேறு குழாயை வீட்டுக்குக் கொண்டு போகிற அபாயம் உண்டு.

நுனியில் வெர்னியர் வைத்து அளந்தால் அந்த நுனியின் கனம்தான் தெரியும், அதுவும் அறுத்த பிசிறோடு சேர்த்து. ஆறு மீட்டரையும் எடை போட்டு நீளத்தால் வகுத்தால் முழுக் குழாயும் சாட்சி சொல்லும். டேப்பால் நீளத்தையும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். 'இருபது அடி' என்பது 6.1 மீட்டர். ஆறு மீட்டர் குழாயை இருபது அடி என்று விற்றால் லென்த்துக்குப் பத்து சென்டிமீட்டர் காணாமல் போகும்.

இருபது வருடம் கழித்து ஷெட்டைப் பிரித்துக் காயலான் கடைக்குக் கொண்டு போவீர்கள். அங்கே போய் "இது 2 எம்.எம். லென்த்துங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவர் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார், நேரே தராசைத்தான் இழுப்பார்.