டொபாகோவுக்குத் தனித் தலைவர்

டிரினிடாட்-டொபாகோ என்றால் நமக்கு பிரையன் லாரா. அவர் டிரினிடாட்காரர். பெயரின் பின்பாதியான டொபாகோ, 1889-இல் ஆங்கிலேயர் டிரினிடாடுடன் சேர்த்துவிட்ட சின்னத் தீவு. நாடாளுமன்றத்தின் 41 தொகுதிகளில் அதற்கு இரண்டே இரண்டு.

ஆனால் 1980 முதல் அங்கே தனிப் பேரவை இருக்கிறது. அதனால் 1956-இல் எரிக் வில்லியம்ஸ் தொடங்கிய மக்கள் தேசிய இயக்கம், டொபாகோ கிளைக்குத் தனித் தலைவரையும் தனி நிர்வாகத்தையும் விட்டுக்கொடுத்திருக்கிறது. மாவட்டச் செயலாளரைக்கூட தலைமையே அறிவிக்கும் கட்சிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இது வியப்புதான்.

வெறும் அலங்காரப் பதவியும் அல்ல. 2020 ஜனவரியில் கிளை உறுப்பினர்கள் வாக்களித்து, பேரவையின் நிர்வாகத் தலைவராக, ஏறக்குறைய முதலமைச்சராக, இருந்த கெல்வின் சார்லஸையே கட்சிப் பதவியிலிருந்து இறக்கினார்கள். வென்றவர் டிரேசி டேவிட்சன்-செலஸ்டின், கிளையின் முதல் பெண் தலைவர். அவர் பேரவை உறுப்பினர் அல்ல என்பதால் ஆட்சி அவர் கைக்கு வரவில்லை. சில மாதங்களில் சார்லஸ் விலக, இளைஞர் ஆன்சில் டென்னிஸ் பொறுப்பேற்றார்.

அடுத்த ஜனவரியில் நடந்த பேரவைத் தேர்தலில் கட்சிக்கும் எதிரணிக்கும் ஆறுக்கு ஆறு என்று சமநிலை. இடங்களை 15 ஆக்கி டிசம்பரில் மறுபடி வாக்களித்தபோது, 2001 முதல் ஆண்ட கட்சிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று.