சிறிய அறையும் ஆறு ஒலிபெருக்கிகளும்



இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் இன்றும் பல குடும்பங்கள் லயன்களிலேயே வாழ்கின்றன. பழைய லயன் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அயல் குடும்பத்துக்கும் நமக்கும் இடையே ஒரே சுவர்தான். கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளை, பண்டிகைக்கு வரும்போது இத்தகைய அறைக்கு 'ஹோம் தியேட்டர்' ஒன்றை வாங்கி வருகிறான். படத்தில் வெடி வெடித்தால் தகரக் கூரை அதிர்கிறது, பேசுவதோ விளங்கவில்லை. ஒலியைக் கூட்டினால், விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போகவேண்டிய அயலவர் விழித்துக்கொள்கிறார். குறை கருவியில் இருப்பது அபூர்வம். அது வைக்கப்பட்ட இடத்திலும், அளவிடாது விட்ட செயலிலுமே பெரிதும் உள்ளது.

இத்தொகுதியில் ஐந்து ஒலிபெருக்கிகளும், தாழ்ந்த ஒலிக்கென 'சப்வூபர்' என்னும் பெட்டி ஒன்றும் உண்டு. இவற்றுக்கு உரிய ஒலியைப் பிரித்து வழங்குவது றிசீவர். நடு ஒலிபெருக்கி எதற்கு என்று பலர் கேட்பர். 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார், பிலடெல்பியாவில் வாசிக்கப்பட்ட இசையைக் கம்பிவழி வாஷிங்டனுக்கு அனுப்பிக் காட்டினர். அன்றே இடம், நடு, வலம் என மூன்று ஒலிபெருக்கிகளை அவர்கள் பயன்படுத்தினர். இன்றைய திரைப்படங்களில் உரையாடலின் பெரும்பகுதி அந்த நடு ஒலிபெருக்கிக்கே வருகிறது. அதை அலுமாரிக்குள் தள்ளிவைத்துவிட்டுப் பேச்சு விளங்கவில்லை என்று வருந்துவதில் நியாயமில்லை. தொலைக்காட்சியின் கீழே, பலகையின் விளிம்போடு ஒட்டி, கேட்பவர் காதை நோக்கிச் சற்றே நிமிர்த்தி வையுங்கள்.

முன்னிரண்டு ஒலிபெருக்கிகளும் நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 30 பாகை விலகி நிற்கவேண்டும். பக்க ஒலிபெருக்கிகள் 100 முதல் 120 பாகைக்குள், அதாவது அமர்ந்திருப்பவரின் தோளுக்குச் சற்றுப் பின்னே, காதுக்குச் சிறிது மேலே இருப்பது நன்று. பிள்ளைகளின் பாகைமானியும் ஒரு நூலும் இதற்குப் போதும். கம்பி பூட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்று மாறினாலும் தாழ்ந்த ஒலி மெலியும். குரல் நடுவே திரளாமல் சிதறும்.

அடுத்தது தூரம். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்லும். ஓரடியைக் கடக்க ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கனளவு எடுக்கும். முன் ஒலிபெருக்கி எட்டடியிலும் பக்க ஒலிபெருக்கி மூன்றடியிலும் இருந்தால், பக்கத்து ஒலி முந்திக்கொள்ளும். தூரங்களை அளந்து றிசீவரில் பதிந்தால், அது அருகிலுள்ளதைத் தாமதப்படுத்தி எல்லாவற்றையும் ஒருங்கே சேர்ப்பிக்கும். பின்னர் றிசீவர் எழுப்பும் சோதனை இரைச்சலைக் கேட்டு, ஒவ்வொன்றும் இருக்கையில் ஒரே அளவு டெசிபெல் காட்டுமாறு சரிசெய்யவேண்டும். கைத்தொலைபேசியிலுள்ள அளவுமானி துல்லியமானதன்று. ஆயினும் ஒன்றோடொன்றை ஒப்பிட அது உதவும். பேச்சு இன்னும் மங்கினால் நடு ஒலிபெருக்கியை இரண்டு டெசிபெல் கூட்டுவது பிழையன்று.

சில றிசீவர்கள் சிறு ஒலிவாங்கி கொண்டு இவற்றைத் தாமே அளக்கும். அதைக் கையில் பிடியாது, காதளவு உயரத்தில் ஊன்றி வையுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது அளக்கவேண்டாம். கருவி மழையையும் சேர்த்து அளந்துவிடும். இரத்தினபுரிக்காரருக்கு மழையற்ற வேளையைத் தேடுவதே பெரும்பாடு!

இனிச் சப்வூபர். பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள அறை, 47, 56 ஹேர்ட்ஸ் அளவான ஒலிகளைத் தானே பெருக்கி முழங்கும் இயல்புடையது. மூலையில் வைத்தால் அம்முழக்கம் உச்சத்தை அடையும். சப்வூபரைச் சிறிது நேரம் இருக்கையிலேயே வைத்து இசைக்க விட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். முழக்கமின்றிச் சீராக ஒலிக்கும் இடமே அதற்குரிய இடம். பொதுச் சுவரை இயன்றவரை தவிர்த்து, அடியிலே தடித்த இறப்பர் விரிப்பை இடுங்கள். சிறிய ஒலிபெருக்கிகளானால், 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளவை சப்வூபருக்குச் செல்லுமாறு றிசீவரில் குறித்துவிடலாம்.

இத்தனைக்குப் பின்னும் தாழ்ந்த ஒலி சுவரைக் கடக்கும். அதன் அலைநீளத்துக்கு முன் மெல்லிய சுவர் பெருந்தடையன்று. ஆகவே இரவில் சப்வூபரைக் குறைத்து, றிசீவரில் இருந்தால் 'இரவுமுறை' என்பதை இயக்குங்கள். வெடியோசை அடங்கும், மெல்லிய பேச்சு உயரும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் எங்கள் பகுதியில் பிற்பகல் இடிமின்னல் மிகுதி. முதல் முழக்கம் தொலைவில் கேட்கும்போதே மின்செருகியைக் கழற்றுங்கள். கூரையிலுள்ள அலைவாங்கித் தட்டிலிருந்து வரும் கம்பியையும் சேர்த்தே கழற்றுங்கள். பலர் முன்னதைக் கழற்றிப் பின்னதை மறந்துவிடுகின்றனர்.