தோலை உரித்துத்தானே தின்கிறோம்?



முலாம்பழத்தின் தோலை யாரும் தின்பதில்லை. பிறகு எதற்கு அதைக் கழுவ வேண்டும்? காரணம், கத்தி! முலாம்பழம் தரையில் படரும் கொடியில் காய்ப்பது. வலைபோல் சொரசொரப்பான அதன் தோலில் மண்ணும் கிருமியும் எளிதில் தங்கிவிடும். கழுவாமல் வெட்டினால், தோலில் உள்ளதைக் கத்தி சதைக்குள் கொண்டுபோய்விடும்.

2011-ல் அமெரிக்காவில், லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தொற்றிய முலாம்பழத்தால் 147 பேர் நோயுற்றார்கள். அவர்களில் 33 பேர் இறந்துபோனார்கள். அந்தப் பழங்கள் கொலராடோ மாநிலத்தில் ஒரே பண்ணையில் விளைந்தவை.

எப்படிக் கழுவுவது? முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழத்துக்குச் சோப்பு வேண்டாம். அது தோலின் நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கலாம். குழாயில் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும். முலாம்பழம், வெள்ளரி போன்றவற்றைச் சுத்தமான பிரஷ்ஷால் தேய்க்கலாம். பிறகு உலர்ந்த துணியால் துடைத்தால் கிருமி இன்னும் குறையும்.

கழுவினால் கிருமி குறையுமே தவிர, முழுவதும் போய்விடாது. அதனால் வெட்டிய பழத்தை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.